ஓசூரில் வேலை, இருமத்தூரில் கொல்லை: தென்பெண்ணையைப் பற்றிப் பேசுவோம்

இருமத்தூரான் – ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் தருமபுரி மாவட்டம் இருமத்தூர்ப் பக்கம். பதினோரு வருஷமாக ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஷாப் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஊருக்கு பஸ் ஏறுவேன். போகிற வழியில் ஒரே ஆற்றை மூன்று விதமாகப் பார்க்கிறேன். பேரண்டப்பள்ளிப் பாலத்தில் பஸ்ஸே ஜன்னலைச் சாத்திக்கொள்கிறது, அவ்வளவு நாற்றம். காவேரிப்பட்டணத்தில் அதே ஆற்றங்கரையில் நெல்லும் தென்னையும். எங்கள் ஊர்க்கரையில் போய் நின்றால் பாறையும் கருவேல முள்ளும், நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்கு ஓட்டம்.

போன வாரம் அப்பா கேட்டார்: "மேல நீதானேடா இருக்க. தண்ணி எப்ப விடுவாங்கன்னு கேட்டுச் சொல்லேன்." ஓசூரில் இருப்பவனுக்கு அணையில் ஆள் பழக்கம் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இந்த ஆற்றின் மேல்முனையில் சம்பளம் வாங்கிக் கீழ்முனையில் நிலம் வைத்திருக்கிறேன். நடுவில் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

எனக்குப் படுவது இது. ஆலைத் திட்டமெல்லாம் நெடுஞ்சாலையைப் பார்த்துப் போடுகிறார்கள். பாசனம் ஒவ்வொரு அணையோடும் முடிந்துபோகிறது. குடிதண்ணீருக்கு நாம் காவிரிப் பக்கம் திரும்பிவிட்டோம். கொடியாளத்தில் தமிழக எல்லைக்குள் நுழைவதிலிருந்து அனுமன்தீர்த்தம் தாண்டிச் சாத்தனூர் அணைக்குப் போகிறவரை இதை ஒரே ஆறாக யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அவரவர் ஊரில் தெரிந்ததைச் சொல்லுங்கள், ஒன்றாக வைத்துப் பார்ப்போம்.


பாரமகால் வாசகர் – ஞாயிறு, இரவு 11.15

நல்ல கேள்வி தம்பி. நிலத்தின் அமைப்பிலிருந்து தொடங்குகிறேன்.

பழைய சேலம் மாவட்டத்தை மூன்று படிகளாகச் சொல்வார்கள். மேலே பாலாகாட், அதாவது ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி. நடுவில் பாரமகால், நம் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் ஊத்தங்கரையும். கீழே தாலாகாட், சேலம் நாமக்கல் பக்கம். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி 500ஐ ஒட்டி. நந்திமலையில் பிறந்து பெங்களூருவின் கிழக்குப் புறமாக வரும் தட்சிண பினாகினிதான் முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கித் தென்பெண்ணையாகிறது. மேலே ராகியும் ரோஜாவும், நடுவில் மாவும் புளியும், அணைக்குக் கீழே மட்டும் நெல். மண்ணும் மழையும் படிக்குப் படி மாறுகின்றன. ஆறு ஒன்றுதான் இரண்டையும் கோத்துப் போகிறது.

வரலாற்றிலும் அப்படியே. தகடூர் அதியமான் நமக்குத் தருமபுரிக்காரர். ஆனால் அவர் பெயரைக் கல்லில் பார்க்க வேண்டுமென்றால் இதே ஆற்றைப் பிடித்துக்கொண்டு திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பைக்குப் போக வேண்டும். அங்கே பாறைக் குகையில் 1981இல் கண்டெடுத்த தமிழி எழுத்து, அதாவது பழந்தமிழ்க் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி துறவிகளுக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்ததைச் சொல்கிறது. அசோகர் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் அந்த ஒரு வரியில் விடை கிடைத்தது. அவருடைய ஆட்சி இந்த ஆற்றின் வழியே எவ்வளவு தூரம் இறங்கியிருந்தது என்று பாருங்கள். கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் பாடியிருக்கிறார். பாலக்கோட்டிலும் அரூர்ப் பக்கத்திலும் சர்க்கரை ஆலை வைத்தபோது அதை எத்தனை பேர் நினைத்தார்களோ.

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் பெண்ணேஸ்வரமடம் இருக்கிறதே, அந்தக் கோயில் ஈசனுக்குப் பெயரே பெண்ணையை வைத்துத்தான். சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள கோயில். ஆற்றின் பெயரைச் சாமிக்கு வைத்த ஊர்க்காரர்கள் நாம்.


பி ஷிப்ட் – திங்கள், காலை 6.20

தம்பி, நானும் ஓசூர்தான். ராயக்கோட்டை பூர்வீகம். இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ். ராத்திரி வேலை முடிச்சுட்டு வந்து எழுதுறேன்.

ஆத்துல நுரை பொங்கினாலே சிப்காட்டு, அதாவது அரசு தொழிற்பேட்டைக் கம்பெனிகதான் காரணம்னு எழுதுறாங்க. முதல்ல அதைத் தெளிவுபடுத்திக்கலாம். ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில எழும்புற நுரை பெங்களூர்ல இருந்து வர்றது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரி வழியா அந்த நகரத்தோட கழிவு இந்த ஆத்துல கலக்குது. நம்ம எல்லைக்குள்ள வரும்போதே அது கெட்டுப்போன தண்ணி. மழைக்காலத்துல நந்திமங்கலம் தரைப்பாலத்தை நுரை மூடிக்கிடும்போது நம்ம கம்பெனிக கழுவுன தண்ணின்னு டிவியில பேசுறவங்க ஒருநாள் கொடியாளம் போய்ப் பார்க்கட்டும்.

ரெண்டாவது. எங்கப்பா காலத்துல எங்க ஊர்ல மழை தப்பிச்சா குடும்பத்தோட பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவாங்க. சித்தாள் வேலை. அங்க தகர ஷெட்டுல பொறந்த பிள்ளைதான் என் அக்கா. 1971ல சிப்காட் ஆரம்பிச்சு, அந்தப் பத்து வருஷத்துக்குள்ளயே ஓசூர்ல தொழிற்பேட்டை போட்டாங்க. 1980ல லாரி கம்பெனி அசோக் லேலண்ட் வந்துச்சு, அதே வருஷம் டிவிஎஸ் மொபெட். அப்புறம் டைட்டன் கடிகாரம். பெங்களூர் 40 கிலோமீட்டர், குளிர்ச்சியான ஊர். அதைவிடப் பெரிய காரணம், ஓசூர் அப்ப இருந்த தருமபுரி மாவட்டம்னா பின்தங்கிய மாவட்டம்னு இருந்த பேரு. அந்தப் பேருக்குத்தான் சலுகை. பஞ்சத்துக்குப் பேர் வாங்கின மாவட்டம் அந்தப் பேரை வச்சே சோறு சம்பாதிச்சுது. இதை யாரும் லேசா பேசாதீங்க. எங்க வீட்ல முதல் மாசச் சம்பளம்ங்கற வார்த்தை வந்தது அப்பத்தான்.


இருமத்தூரான் – திங்கள், மதியம் 1.05

அண்ணா, ஆலை வேண்டாம் என்று நான் எழுதவில்லை. என் தங்கை படிப்பு இந்தச் சம்பளத்தில்தான் முடிந்தது. நான் கேட்பது, ஆலையோடு சேர்ந்து ஆற்றுக்கு என்ன வந்தது என்று. பெங்களூர்க் கழிவு நம் தப்பில்லை என்பது சரி. நான் தங்கியிருக்கும் தெருவின் சாக்கடை எங்கே போகிறது என்று போன மாதம் நடந்தே பார்த்தேன். ஓர் ஏரியில் விழுகிறது. அந்த ஏரியின் கோடி, அதாவது நிறைந்தால் தண்ணீர் வழியும் இடம், ஆற்றுப் பக்கம்தான் சரிகிறது.


மதகு – திங்கள், இரவு 8.30

பாசனப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிருஷ்ணகிரி அணையிலும் கீழே ஏரிகளிலும் இருந்திருக்கிறேன். தம்பியின் தகப்பனார் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே கெலவரப்பள்ளி அணை, 44.28 அடி. அடுத்து கிருஷ்ணகிரி அணை, 52 அடி, 1957இல் காமராஜர் திறந்தது. இங்கேதான் வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்து மார்க்கண்டேய நதியும் வந்து சேர்கிறது. இந்த அணையின் இடது, வலது கால்வாய்கள் பெரியமுத்தூரிலிருந்து தொடங்கி 16 ஊராட்சிகளில் 9,012 ஏக்கருக்குப் பாய்கின்றன. தம்பி காவேரிப்பட்டணத்தில் பார்க்கிற பச்சை அதுதான். அதற்கும் கீழே நெடுங்கல் தடுப்பணை. அங்கிருந்து பாரூர் பெரிய ஏரிக்குக் கால்வாய். இவ்வளவும் எடுத்தது போக மிச்சம்தான் இருமத்தூருக்கு. ஆக, உங்கள் அப்பாவுக்கு யாரும் தண்ணீர் "விடுவதில்லை". மேலே தேங்க முடியாமல் வழிந்தால் வருகிறது. சட்டத்தில் ஆயக்கட்டு, அதாவது அணைப் பாசனத்துக்கென்று பதிவான நிலம், உள்ளவனுக்குத்தான் முறை உண்டு. ஆற்றங்கரையிலேயே இருந்தும் ஆயக்கட்டில் இல்லாத ஊர்கள் இந்த ஆற்றில் நிறைய.

நுரை பற்றி. பி ஷிப்ட் சொல்வது பெரும்பகுதி சரி. சோப்புத் தூளிலும் சலவைப் பொருளிலும் இருக்கும் நுரைக்கும் வேதிப்பொருள் தேங்கிய தண்ணீரில் அடங்கிக் கிடக்கும். மதகு வழியே வேகமாக விழும்போது காற்றோடு அடிபட்டுப் பொங்கும். அதனால்தான் அணைக்கு மேலே தெரியாதது அணைக்குக் கீழே மலைபோல் நிற்கிறது. நுரையை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். நுரை இல்லாத நாளிலும் அதே தண்ணீர்தான். கிருஷ்ணகிரி அணைக்கு வருவதற்குள் நுரை அடங்கிவிடும். ஆனால் அதிலுள்ள உரச்சத்து அடங்காது. அணை பச்சைப் பாசியாக நிற்பதும் ஆகாயத்தாமரை மண்டுவதும் அதனால்தான்.

இன்னொன்று. பெங்களூருவின் கழிவுநீரை ஓரளவு சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம் 2018இலிருந்து நடக்கிறது. மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் யார்கோளில் அணை கட்டிவிட்டது. நம் அரசு 1892ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் காட்டி உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பரில் மனுவைத் தள்ளிவிட்டு, நடுவர் மன்றம் கேளுங்கள் என்றார்கள். கெட்ட தண்ணீர் என்று நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கெட்ட தண்ணீருக்கும் ஆள் வந்துவிட்டது.

2017 நவம்பர் 29 என்னால் மறக்க முடியாத நாள். கிருஷ்ணகிரி அணையின் முதல் மதகு உடைந்தது. அறுபது வருஷத்து இரும்பு. தேக்கிய தண்ணீர் கண்ணெதிரே ஓடியது. அன்றைக்கு மட்டும் உங்கள் ஊரில் ஆறு நிறைந்திருக்கும், தம்பி.


சந்தூர் ஒட்டுச்செடி – செவ்வாய், காலை 10.10

நான் சந்தூர்ப் பக்கம். நாங்கள் மூன்று தலைமுறையாக மாங்கன்று ஒட்டுக் கட்டி விற்கிறோம். நாலு ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பும் உண்டு.

தொழில் தொழில் என்று ஓசூரையே பேசுகிறீர்கள். இந்த மாவட்டத்துக்கு மண்ணோடு பிறந்த தொழில் ஒன்று இருக்கிறது, மாங்கூழ். நெல்லுக்குத் தண்ணீர் இல்லாத மேட்டுநிலத்துக்காரன் கண்டுபிடித்த வழி மா. கன்றை மூன்று வருஷம் குடம் சுமந்து காப்பாற்றிவிட்டால் அப்புறம் மானாவாரியில் நிற்கும். சாப்பிடுவதற்கு செந்தூராவும் அல்போன்சாவும். கூழுக்குப் பெங்களூரா, கிளிமூக்கு என்றும் சொல்கிறோமே, அது. காய் பெரிசு, சதை கெட்டி, நார் இல்லை. ஏறக்குறைய இரண்டு கிலோ காய்க்கு ஒரு கிலோ கூழ். கழுவி, வெட்டி, அரைத்து, சூடாக்கி, கிருமி புகாத பையில் அடைத்து டிரம்மில் கப்பல் ஏற்றுகிறார்கள். சீசனில் போச்சம்பள்ளி ரோட்டில் டிராக்டர் வரிசை நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஆலை ஓடுவது இரண்டு மூன்று மாசம்தான். அதற்குள் காயை இறக்கியே தீர வேண்டும், மரத்தில் நிறுத்த முடியாது. விலையை அவர்கள்தான் சொல்வார்கள். ஒரு வருஷம் நாங்கள் பறித்துக் கொண்டுபோன காயை ஓர் ஆலையில் இரண்டு நாள் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். மூன்றாம் நாள் பழுத்துவிட்டது என்று சொல்லிக் கிலோ 4 ரூபாய் போட்டார்கள். பறிகூலியும் வண்டி வாடகையும் போக, எங்கள் வீட்டுக்காரர் வெறும் கையோடு வந்து தோப்பில் உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. வண்டிக்கு வண்டி போன் செய்து விலை கேட்கும் பழக்கத்தை அந்த வருஷத்திலிருந்துதான் நான் வைத்துக்கொண்டேன்.

மதகு ஐயாவுக்கு ஒரு கேள்வி. மா மானாவாரிதான், ஆனால் ஒட்டுக்கன்றுப் பண்ணைக்குத் தினம் தண்ணீர் வேண்டும். எங்கள் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி தாண்டிவிட்டது. அணைத் தண்ணீரைப் பாளேகுளி ஏரியிலிருந்து சந்தூர் வரை 28 ஏரிகளுக்குக் கொண்டுவர வெட்டிய கால்வாயில் ஏன் எங்கள் ஏரிக்கு எட்டுவதற்குள் தண்ணீர் நின்றுவிடுகிறது?


மதகு – செவ்வாய், மாலை 5.45

அம்மா, அந்தக் கால்வாய்க்கு உபரிநீர்தான் உரிமை. 9,012 ஏக்கருக்குப் போக மிஞ்சினால்தான் திறப்பார்கள். மிஞ்சுகிற நாள்கள் குறைவு. அந்தக் குறைந்த நாள்களில் முதல் ஏரி நிறைந்து கோடி போனால்தான் அடுத்த ஏரி. ஒவ்வொரு ஏரியும் தூர்ந்திருக்கிறது, வரத்துக் கால்வாயில் முள் மண்டியிருக்கிறது. கடைசி ஏரிக்காரர்கள் எப்போதும் கடைசிதான். எண்ணேகொல்புதூர்த் தடுப்பணையிலிருந்து இருபுறமும் ஏரிகளுக்குக் கால்வாய், அலியாளத்திலிருந்து பாலக்கோடு தூள்செட்டி ஏரிக்குக் கால்வாய், இவையும் இதே எண்ணத்தில் போட்ட திட்டங்கள்தான். வெள்ளம் ஓடும் நாலைந்து வாரத்தில் எவ்வளவு தண்ணீரை மேட்டு ஏரிகளுக்குத் திருப்பிவிட முடியும் என்பதில்தான் இந்த இரண்டு மாவட்டத்தின் பிழைப்பு இருக்கிறது. புதிய அணை கட்ட இடமும் இல்லை, அதை நிரப்பத் தண்ணீரும் இல்லை.


சூளகிரி கொத்தமல்லி – செவ்வாய், இரவு 9.00

நிலத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. முதல் தொழிற்பேட்டைக்கு எடுத்தது பெரும்பாலும் மேட்டுநிலம் என்பார்கள். இப்போது அப்படியா? உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி ஊராட்சிகளில் புது சிப்காட்டுக்கு நிலம் எடுக்காதீர்கள் என்று 2023இல் விவசாயிகள் உட்கார்ந்து போராடினார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். அங்கே கொத்தமல்லி, தக்காளி, ரோஜா, முட்டைக்கோஸ் மூன்று போகம் வருகிறது. பி ஷிப்ட் அண்ணன் சொல்கிற பஞ்சக்காட்டை அன்று கொடுத்தோம். இன்று கேட்பது விளைகிற நிலம். 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்த அன்றைக்கே எங்கள் பக்கம் நில புரோக்கர்கள் பைக்கில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.


பி ஷிப்ட் – செவ்வாய், இரவு 10.50

தங்கச்சி, அந்த நிலத்தை எடுக்கணும்னு நான் சொல்லலை. ஆனா ஒண்ணு கேக்குறேன். கெலமங்கலம் பக்கம் திம்ஜேபள்ளியில டாட்டா எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு எங்க ஊர்ப் பொண்ணுங்க வேன்ல ஏறி வேலைக்குப் போகுதுங்க. பதினாறு வயசுல கட்டிக்குடுக்கற ஊர் அது. இப்ப இருபத்திரண்டு வயசுல, "அப்பா, இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்"னு அந்தப் பொண்ணு சொல்லுது, அப்பன் கேட்டுக்கறான். போச்சம்பள்ளியில ஸ்கூட்டர் ஆலைக்கு 500 ஏக்கர் போச்சு, சரி. மேட்டுநிலமும் பாறைக்காடும் நம்ம மாவட்டத்துல இல்லாமலா போச்சு? அங்க கட்டச் சொல்லிப் போராடுங்க, நானும் வந்து உக்காருறேன்.


பாரமகால் வாசகர் – புதன், காலை 7.30

பாறைக்காடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊத்தங்கரை பக்கம் சென்னானூரில் புதிய கற்கால ஊர் கிடைத்திருக்கிறது. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மல்லச்சந்திரம் பாறைமேட்டில் ஏராளமான கற்திட்டைகள், அதாவது பலகைக் கல்லால் கட்டிய பழங்கால ஈமச் சின்னங்கள், நிற்கின்றன. நாம் "ஒன்றுக்கும் உதவாத பாறை" என்பதில்தான் நான்காயிரம் வருஷத்து உலைக்காரர்களின் தடயம் கிடக்கிறது. ஆலை கட்டுவதற்கு முன் ஒருமுறை தொல்லியல் ஆள்களை நடக்க விடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இந்தப் பக்கம் கிரானைட் குவாரிக்காகப் போன குன்றுகளைக் கணக்கெடுத்தால் மனம் தாங்காது.


பென்னாகரம் ஆசிரியை – புதன், மாலை 6.15

தம்பி முதல் பதிவில், குடிதண்ணீருக்கு நாம் காவிரிப் பக்கம் திரும்பிவிட்டோம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். அதன் பின்னால் உள்ள வலியைச் சொல்லாமல் விட முடியாது.

என் வகுப்பில் பல்லில் பழுப்புக் கோடு இல்லாத பிள்ளையை எண்ணிவிடலாம் என்ற காலம் இருந்தது. நம் பாறையில் புளோரைடு இருக்கிறது. கிணறு ஆழம் போகப்போகத் தண்ணீர் பாறையோடு தங்கும் காலம் கூடும், புளோரைடும் கூடும். முதலில் பல், அப்புறம் முட்டி, முதுகு. நாற்பது வயதில் குனிந்து நிமிர முடியாத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். படம் எடுக்கும் நாளில் வாயை மூடிக்கொண்டு சிரித்த பிள்ளைகள் இன்னும் கண்ணில் நிற்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு, 1,928.80 கோடி ரூபாயில் 2013இல் திறந்தார்கள். அந்தக் குழாய் எங்களுக்கு மருந்து.

ஆனால் இதையும் கேளுங்கள். குழாய் வந்த பிறகு ஊர்க் கிணற்றையும் ஏரியையும் குடிநீராகப் பார்க்கும் கண் போய்விட்டது. ஏரியில் மழைநீர் தேங்கினால் மேல்மட்டக் கிணறு ஊறும், அந்தத் தண்ணீரில் புளோரைடு குறைவு. ஏரிகள் காய்ந்ததால்தான் நாம் ஆயிரம் அடிக்குப் போனோம், போனதால்தான் நோய். மதகு ஐயா சொன்ன அந்த நாலைந்து வார வெள்ளம் மேட்டு ஏரிகளுக்குப் போயிருந்தால் என் பிள்ளைகளில் பலருக்கு இது வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.


ரயில் பாதை – புதன், இரவு 8.00

இடையில் ஒரு செய்தி. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் அகலம் குறைந்த ரயில் பாதைகள் ஓடின. 1941இல், உலகப் போர் நடந்தபோது, இரண்டையும் மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். இன்றுவரை கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையம் இல்லை. கூழ் டிரம்மும் கிரானைட் கல்லும் ஸ்கூட்டரும் எல்லாமே ரோட்டில்தான். தொழில் ஏன் நெடுஞ்சாலையை விட்டு நகரவில்லை என்று கேட்டால் இது பாதிக் காரணம்.


பாம்பாற்றங்கரை – வியாழன், காலை 9.25

ஊத்தங்கரையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் தண்ணீர் வரவில்லை என்று பேசுகிறீர்கள். நான் வந்ததைச் சொல்கிறேன்.

2024 டிசம்பர் 1 ராத்திரி. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்துவிட்டது, இனி பயமில்லை என்று படுத்தோம். விடிவதற்குள் 50 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கம் வருஷத்துக்கே 85, 90தான் பெய்யும். பரசன் ஏரி நிறைந்து வழிந்து, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன், கார்களைத் தூக்கிக்கொண்டு போனது. பொம்மைக் கார் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. போச்சம்பள்ளியிலும் ஏரி வழிந்தது. எல்லாம் ஓடிச் சேர்ந்தது தென்பெண்ணையில். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறக்க வேண்டியதாயிற்று. கீழே அகரம்பள்ளிப்பட்டில் திறந்து மூன்று மாசமே ஆன பாலம் போயே போனது.

அந்த ஏரித் தண்ணீர் ஏன் ரோட்டில் வந்தது? போகும் வாய்க்கால் இல்லை. அதன்மேல் கடை, வீடு, மனை. காய்கிற வருஷத்தில் வரத்துக் கால்வாயை மறித்தவனும், பெய்கிற வருஷத்தில் போக்குக் கால்வாயை மறித்தவனும் ஒரே ஊர் ஆள்தான். அடுத்த மழைக்கு முன்னால் இதைச் சரிசெய்ய அரசாங்கத்தை மட்டும் எதிர்பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.


இருமத்தூரான் – வியாழன், இரவு 9.10

படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் மேலே அணையில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் ஊர் வாய்க்காலைக் காட்டிவிட்டீர்கள்.

எங்கள் ஊரிலும் ஒரு சின்ன ஏரி உண்டு. ஆற்றில் வெள்ளம் வந்தால் ஒரு வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் ஏறும் என்று தாத்தா சொல்வார். இப்போது அந்த வாய்க்கால் எந்த இடம் என்றே தெரியவில்லை. மதகு ஐயா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?


மதகு – வெள்ளி, காலை 8.00

ரொம்பச் சுலபம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு, அதாவது ஊர் நிலங்களின் சர்வே எண் பதிவேடு, பாருங்கள். அதில் "வாய்க்கால் புறம்போக்கு" என்று எந்தெந்தச் சர்வே எண் இருக்கிறதோ குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களுக்குப் புலப்படம், அதாவது நிலத்தின் அளவு வரைபடம், வாங்குங்கள். பிறகு கிராம வரைபடத்தில் ஒன்றை அடுத்து ஒன்றாகக் கோத்துக்கொண்டே போனால் வாய்க்கால் தானே எழுந்துவரும்.

பாரமகால் வாசகருக்கு இது பிடிக்கும்.


பாரமகால் வாசகர் – வெள்ளி, காலை 8.40

பிடிக்காமல் இருக்குமா ஐயா. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கே வயல் வயலாக அளந்தார்கள். வரி வாங்கத்தான் அளந்தார்கள், மக்களைப் பிழியவும் செய்தார்கள். ஆனாலும் உழவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையும், பிறகு வந்த சர்வே எண் பழக்கமும் வேர் பிடித்த மண் இதுதான். அதே எண்ணை வைத்து வாய்க்காலைத் திரும்ப எடுக்க முடியும் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்.


இருமத்தூரான் – பதினேழு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 10.20

அ-பதிவேடு பார்த்தேன். புலப்படமும் வாங்கிவிட்டேன். பி ஷிப்ட் அண்ணன் லீவு போட்டு இருமத்தூர் வரைக்கும் வந்து கூடவே நடந்தார், அவருக்கு நன்றி.

வாய்க்கால் இருக்கிறது. ஆற்றிலிருந்து ஏரி வரைக்கும் ஏழு சர்வே எண்கள். மூன்றில் முள் மட்டும்தான். இரண்டில் ஆளுக்கு ஒரு வரப்பு தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றில் மனைக்கல் நட்டிருக்கிறது. ஏழாவது எங்கள் கொல்லை. அப்பா வைத்த எட்டுத் தென்னையில் ஐந்து வாய்க்கால் புறம்போக்கில் நிற்கின்றன. மேலே தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று கேட்ட அதே அப்பா.

சண்டை போடவில்லை. படத்தைக் கட்டிலில் விரித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். "எங்கப்பா காலத்துலயே இங்க தண்ணி வரல, மேடாத்தான் இருந்துச்சு" என்றார். அப்புறம் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் ஓசூர் வந்துவிட்டேன். இன்று அம்மா போன் செய்தாள். காலையில் அவரே கயிறு பிடித்து அளந்து, இரண்டு பக்கமும் குச்சி நட்டிருக்கிறாராம். தென்னையை இந்த வருஷக் காய் இறங்கியதும் எடுத்துக்கொள்ளலாம், மற்ற வரப்புக்காரர்களிடம் நானே பேசுகிறேன் என்று சொல்லச் சொன்னாராம்.


மதகு – திங்கள், காலை 6.50

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தம்பி. குச்சியைக் கரையான் தின்றுவிடும், ஐப்பசி மழைக்குள் கல்லாக நடுங்கள். நடுவதற்கு முன்னால் ஆற்று முனையில் மட்டம் பார்க்க வேண்டும். ஆறு ஆழம் போயிருந்தால் வாய்க்கால் வாயை இன்னும் மேலே கொண்டுபோய்த்தான் திறக்க முடியும். என்னிடம் பழைய மட்டக்கருவி இருக்கிறது. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன்.